கோளாறுக்கான காரணம்

கம்ப்யூட்டர் என்ற பேரைக் கேட்டாலே எரிச்சல் வருகிற நிலைக்கு வந்திருந்தேன். அதை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பது வேறு விஷயம்.

1987 நவம்பர். மதுரையில் முதல் பஸ் பிடித்து, மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்த பக்கத்து சீட்டுக்காரரைச் சகித்துக்கொண்டு, பதினொரு மணிக்குக் கொடைக்கானலில் இறங்கினேன். பகல்தான். ஆனாலும் மூடுபனியில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாயுடுபுரத்துக்கு நடந்தேன். ஒரே மெஷினுக்காக இது மூன்றாவது பயணம்.

அந்த மெஷின் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளி அலுவலகத்தில் இருந்தது. போன வருஷம் ஜூனில் நான்தான் கொண்டுவந்து பொருத்தினேன். இப்போது அதற்கு ஒரு வியாதி. சுவிட்சைப் போட்டால் உடனே ஆன் ஆகாது. நாலு நிமிடம், ஏழு நிமிடம், ஒரு நாள் பதினொரு நிமிடம்கூடச் சும்மா கிடக்கும். அப்புறம் தானாக உயிர் வரும். முதல் தடவை பவர் சப்ளையை மாற்றினேன். பிரயோஜனமில்லை. இரண்டாம் தடவை மெஷினையே மதுரைக்குத் தூக்கிப்போய் நாலு நாள் வைத்துப் பார்த்தோம். தொட்டவுடன் ஆன் ஆனது. ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. நம்பித் திருப்பி அனுப்பினால் மறுநாளே போன் வருகிறது, பழைய குருடி கதவைத் திறடி என்று.

"பொன்னுவேலு," என்றார் நேற்று எங்கள் மேனேஜர் திருமலைச்சாமி. "மடத்துல இன்னும் எட்டு மெஷின் வாங்கறதா இருந்தாங்க. இப்ப வேணாங்கறாங்க. இந்தத் தடவையும் சரியாகலேன்னா அப்படியே ஊரப் பாத்துப் போயிரு. ஆபீசுக்கு வராத."

டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருஷம் வேலையில்லாமல் திரிந்தவன் நான். மறுபடியும் அப்படித் திரிய என்னால் முடியாது.

அலுவலகச் சுவரில் திருஇருதயப் படம் மாட்டியிருந்ததால் யாரும் செருப்போடு உள்ளே போகமாட்டார்கள். நானும் ஷூவை வாசலில் கழற்றினேன். உள்ளே கடப்பாக்கல் தரை வியர்த்து ஈரமாக இருந்தது. கம்பளியும் யூகலிப்டஸ் தைலமும் கலந்து ஒரு வாடை.

"காலையில ஒம்பது நிமிஷம்ண்ணே," என்றாள் லீமா. இருபது வயதுப் பெண். இந்த வருஷம்தான் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். நான் ஏதோ வேண்டுமென்றே கெடுத்து வைத்திருப்பது போல இருந்தது அவள் சொன்ன விதம்.

மூடியைக் கழற்றினேன். தூசி தட்டினேன். ஒவ்வொரு கார்டாக உருவித் துடைத்து மாட்டினேன். பிளக் பாயின்டில் வோல்டேஜ் பார்த்தேன். இருநூற்றுப் பத்து, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்த சிவப்பு சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமில்லை. உள்ளே விசிறிகூட அசையவில்லை.

இரண்டு நிமிடம். நாலு நிமிடம். சனியன் என்று வாய்விட்டே திட்டினேன். லீமா காதில் விழாதது மாதிரி ஃபைலைப் புரட்டினாள். ஆறாவது நிமிடத்தில் பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. பொறுக்க முடியாமல் காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்தேன்.

விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அணைத்தேன். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். வரவில்லை. காலைத் தூக்கினேன். வந்தது. இப்படி மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதே கதை. என் படிப்பில் இதற்கு ஒரு பாடமும் கிடையாது. பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. காலுக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?

நாலாவது தடவை பிடிவாதமாகக் காலை ஊன்றி உட்கார்ந்தேன். எத்தனை நேரமானாலும் எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி நெருங்கி வந்து கண்ணாடியை வெள்ளையாக்கியது.

தைல வாடை கூடியது. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

என் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ நுழைந்தது.

இரண்டு உள்ளங்கைகள்.

குளிர்ந்த, மெல்லிய கைகள். அவசரமே இல்லாமல், தூங்குகிற குழந்தையின் காலை எடுத்து வைப்பது போல, என் இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கின.

மெஷின் ஆன் ஆனது.

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் யாரும் இல்லை.

"உங்களுக்குமாண்ணே?" லீமா மிக மெதுவாகக் கேட்டாள்.

"என்ன உங்களுக்குமா?"

"தெனமும் யாரோ என் காலத் தூக்கிவிடுற மாதிரி இருக்கும்ண்ணே. குளிர்ல மரத்துப்போயி அப்படித் தோணுதுன்னு நானா சமாதானம் சொல்லிக்கிட்டேன். சிஸ்டர்ட்ட சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்க."

"இங்க முன்னால அருள்மேரின்னு ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்க எங்க?"

மெஷின் பொருத்தின அன்று எனக்குக் காபி போட்டுக் கொடுத்த அம்மாள் அவர். கல்யாணமாகியோ மாற்றலாகியோ போயிருப்பார் என்று நினைத்து, இரண்டு தடவை வந்தபோதும் நான் விசாரிக்கவில்லை.

"அவங்க எறந்துட்டாங்கண்ணே. போன வருஷம் ஐப்பசி மழையில, இந்தச் சேர்லயே. ஹார்ட் அட்டாக்குன்னாங்க." அவள் குரல் இன்னும் இறங்கியது. "கை மட்டும் மெஷின் மேலயே இருந்துச்சாம். எடுக்க வந்த தோட்டக்காரரையும் ஏதோ தூக்கியெறிஞ்சிருச்சாம். பயத்துல விழுந்துட்டாருன்னு சொல்லிட்டாங்க."

பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் தகர உடம்பில் வைத்தேன்.

டெஸ்டரின் குட்டி பல்பு எரிந்தது. தகரமெல்லாம் கரண்ட்.

வயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை போனேன். பிளக்கில் இரண்டே பின்கள். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய மூன்றாவது வயர், எர்த் வயர், பாதியிலேயே வெட்டப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பை நான் எப்போதும் மூன்று சுற்றுச் சுற்றி நுனியை மடித்துவிடுவேன். இதிலும் நுனி மடிந்திருந்தது.

இப்போது ஞாபகம் வந்தது. பழைய கட்டடம், சுவரில் இரண்டு துளை பாயின்ட்தான். எங்கள் பிளக்கில் மூன்று பின். எர்த் எடுப்பதென்றால் இன்னும் இரண்டு மணி நேர வேலை. மூன்று மணி பஸ்ஸை விட்டால் ராத்திரி தங்க வேண்டும். எர்த் வயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டினேன். எல்லோரும் செய்கிறதுதான். அடுத்த தடவை வரும்போது சரியாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன், அப்படியே மறந்தும் போனேன்.

செருப்புப் போட்டு வேலை செய்த மதுரையில் அது ஏன் உடனே ஆன் ஆனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஈரத்தரையில் வெறுங்காலை ஊன்றி உட்காருகிறவர்களுக்கு மட்டும், கால் மேலே எழும்வரை கரண்டை உள்ளே விடாமல் யாரோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தைத்தான் நான் வாட்ச் வைத்து அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

லீமாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மெயினை அணைத்தேன். கடைத்தெருவுக்கு ஓடி மூன்று துளை பாயின்ட் வாங்கி வந்தேன். பின்பக்கம் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் குழாயை இறக்கி, எர்த் வயர் இழுத்தேன். அன்று எனக்குப் பஸ் ஞாபகமே வரவில்லை. முடித்துவிட்டு டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. லீமாவை உட்காரச் சொன்னேன். அவள் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

உடனே வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

தலைமை ஆசிரியை சிஸ்டர் சகாயராணி வந்து பார்த்தார். "கடைசியில என்னதான் தம்பி கோளாறு?"

சர்வீஸ் ரிப்போர்ட் என் கையில் இருந்தது. அதில் 'கோளாறுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை வைத்தபடி நின்றேன். உண்மையை எழுதினால் வேலை மட்டுமா போகும்? போலீஸ் வரும். திருமலைச்சாமி கையைக் கழுவிவிடுவார். அதை எழுதினால் இறந்தவர் எழுந்து வரப்போகிறாரா? லீமாவுக்கு இனி ஆபத்தில்லை. அது போதாதா?

"வோல்டேஜ் ஏற்ற இறக்கம், சிஸ்டர்," என்று சொல்லி அதையே எழுதினேன்.

சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். லீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

வேலை தப்பியது. எட்டு மெஷினுக்கு ஆர்டரும் வந்தது. திருமலைச்சாமி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். ராத்திரியில் தூக்கம் வராததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். கையில் மடத்து லெட்டர்ஹெட்டில் டைப் அடித்த ஒரு கடிதம், அன்று காலைத் தபாலில் வந்தது. வாங்கிப் படித்தேன்.

'மெஷின் இப்போது உடனே ஆன் ஆகிறது. நன்றி. ஆனால் தங்கள் ரிப்போர்ட்டில் கோளாறுக்கான காரணம் தவறாக உள்ளது. திருத்தி எழுத அதே ஆளை அனுப்பவும்.'

கையெழுத்து இல்லை. அவர் மேசையிலிருந்தே மடத்துக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. லீமாதான் எடுத்தாள்.

"லெட்டரா? நாங்க எதுவும் அனுப்பலீங்கண்ணே. சிஸ்டர் ரோமுக்குப் போயி ஒரு வாரமாச்சு. நானும் நேத்துத்தான் லீவு முடிஞ்சு வந்தேன். ஆபீஸ் பூட்டித்தாண்ணே கெடந்துச்சு."

போனை வைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடியும் பார்த்தேன். எந்த ஆபீஸ் கடிதத்திலும் இடது கீழ் மூலையில், டைப் அடித்தவரின் பெயர் முதலெழுத்துகள் சின்னதாக இருக்கும். இதிலும் இருந்தன.

அ.மே.

"என்னய்யா தப்பா எழுதிட்டு வந்த?" என்று கேட்டுவிட்டு, திருமலைச்சாமி என் பதிலுக்காகக் காத்திருந்தார்.