வழியனுப்ப ஓர் ஆள்

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி நின்ற அந்த மாநாட்டு அரங்கத்துக்குள் காலை வெயிலோடு நுழையும்போதே ஹுமேராவுக்கு ஏதோ உறுத்தியது. இடம் வேண்டுமென்று அவள் யாரையும் தேடிப் போகவில்லை. அரங்கத்தின் மேலாளர் கனகவேல்தான் கோயமுத்தூருக்குப் போன் போட்டு, எங்கள் அரங்கத்திலேயே நடத்துங்கள் என்று விடாமல் கெஞ்சினார். கடைவீதியில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? கூவிக் கூவிக் கூப்பிடுகிற கடையில் சரக்கு சரியாக இருப்பதில்லை.

ஆனால் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு மாடி அறையில் நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் நடத்துகிறவள் அவள். இதுவரை கிடைத்ததெல்லாம் கடைத் திறப்பும் நிச்சயதார்த்தமும்தான். பம்ப் தயாரிப்பாளர்களின் ஏற்றுமதி மாநாடு என்பது அவளுக்கு முதல் பெரிய வேலை. சங்கத் தலைவர் தம்பிதுரை புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

"நல்லா நடந்துச்சுன்னா வருசம் பூராவும் சங்கத்து நிகழ்ச்சியெல்லாம் உங்களுக்குத்தானுங்க அம்மணி. குறை வந்துபோச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கோணும்."

கனகவேல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாநாடு முடிந்ததும் கடல் பக்கத்து வாசலில் ஹுமேராவே நின்று எல்லாரையும் வழியனுப்ப வேண்டுமாம்.

"உங்க ஊரு மரியாதை எங்க ஆளுகளுக்கு வராது மேடம்," என்றார்.

நன்றாகத்தான் ஐஸ் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் தொடங்கியது. மேடையில் ஒருவர் துறைமுகத்தைப் பற்றியும் கப்பல் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். காபி வாசனைக்கும் ரூம் ஸ்பிரே வாசனைக்கும் அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. கரையில் ஒதுங்கிய பாசி அழுகும் நாற்றம். அது கடைசி வரிசையிலிருந்து வந்தது.

அங்கே ஜன்னலோரமாக ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த ஆசாமி என்றுதான் முதலில் நினைத்தாள். எந்த மாநாட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பையை வாங்கிக்கொண்டு, பந்தியை முடித்துக்கொண்டு நழுவிவிடுவார்.

"கடைசி வரிசையில யாருங்க அது?" என்று கனகவேலின் காதருகே கேட்டாள்.

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், விடுங்க."

சொன்னவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்க்காமலே யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

அதன்பிறகு ஹுமேரா கனகவேலையே கண்காணித்தாள். அவர் மட்டுமல்ல, டீ கொடுக்கும் பையன்களும் அந்த வரிசைக்கு முன்பாகவே திரும்பிவிட்டார்கள். இருந்தும் அந்த ஆளின் நாற்காலிக்குக் கீழே ஒரு கோப்பை இருந்தது. இடைவேளையில் நாற்காலி காலியானபோது அதை எடுத்துப் பார்த்தாள். டீ அப்படியே இருந்தது. கீழே ஊற்றியபோது அடியில் மணல்.

நாற்காலி உறை பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது.

சாயங்காலம் மாநாடு முடிந்தது. கடல் பக்கத்து வாசலுக்கு வந்தவள் திகைத்தாள். காவலாளி இல்லை, பரிமாறியவர்கள் இல்லை. அரங்கத்து ஆட்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அவளுடைய தம்பி இல்யாஸ் மட்டும் சற்றுத் தள்ளி மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வாங்கண்ணா. போயிட்டு வாங்கம்மா. பாத்துப் போயிட்டு வாங்க," என்று ஹுமேரா ஒவ்வொருவரையும் கைகூப்பி அனுப்பினாள்.

தம்பிதுரை கைகூப்பிக்கொண்டே வந்தார். "அமர்க்களமா செஞ்சுபோட்டீங்க அம்மணி. இனி நம்ம சங்கம் உங்க பொறுப்புங்க."

ஹுமேராவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை. அந்தச் சந்தோஷத்தில், தம்பிதுரைக்குப் பின்னால் வந்து நின்றவரை அவள் சரியாகப் பார்க்கவில்லை. கை தானாகக் கூப்பியது, வாய் தானாகச் சொன்னது.

"சாப்பிட்டீங்களாங்க? போயிட்டு வாங்க."

பாசி நாற்றம் முகத்தில் அடித்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். நாள் கணக்கில் தண்ணீரில் ஊறியதுபோல முகம் வெளுத்து உப்பியிருந்தது.

அந்த முகம் சிரித்தது.

படிகளில் இறங்கி மணலில் நடந்தார். அலை வந்தது. அவர் நிற்கவில்லை.

"யாருகிட்டக்கா பேசிட்டு இருக்கீங்க?" என்று ஒயரிலிருந்து அப்போதுதான் தலை நிமிர்ந்தான் இல்யாஸ்.

தூணுக்குப் பின்னாலிருந்து கனகவேல் வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா?" என்று கிசுகிசுத்தார்.

"யாருங்க அது? உண்மையைச் சொல்லுங்க!"

"முன்னால ஒரு கம்பெனி மீட்டிங்குக்கு வந்தவரு. இடைவேளையில கால் நனைக்கப் போனாரு, திரும்பலை. அவரை யாரும் தேடலை. மத்தவங்க எல்லாரும் கிளம்பிட்டாங்க. அதுல இருந்து எந்தக் கூட்டம் நடந்தாலும் வருவாரு. முடிஞ்சதும் இந்த வாசல்ல வந்து நிப்பாரு." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "இழவு வீட்டுலயே போயிட்டு வாரேன்னு சொல்ல மாட்டோம்லா மேடம். செத்தவரையே பாத்துப் போயிட்டு வாங்கன்னு எவன் சொல்லுவான்?"

"அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா?"

கனகவேல் தரையைப் பார்த்தார். "உங்க ஊர்க்காரங்க எல்லாரையும் மரியாதையா அனுப்புவாங்கன்னு தெரியும். இனி இங்க வர மாட்டாரு. கூப்பிட்டவங்க இருக்கற இடத்துக்குத்தான வருவாரு."

அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது ஹுமேராவுக்கு. அதற்குள் அவர் கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் கோயமுத்தூரில் அவிநாசி ரோட்டு மண்டபத்தில் சங்கக் கூட்டம். ஹுமேரா வாசலில் நின்றாள். வாங்க என்ற சொல் வாயில் வந்துவிடக் கூடாதென்று, வந்தவர்களுக்கெல்லாம் வெறும் வணக்கம் மட்டும் சொன்னாள். கடைசி வரிசையில் நாற்காலியே போட வேண்டாமென்று இல்யாஸிடம் சொல்லியிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

தம்பிதுரை உள்ளேயிருந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, முன்வரிசையில இருக்கறவரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"யாருங்க?"

"நாங்க வாரதுக்கு முந்தியே வந்து உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. யாருங்கன்னு கேட்டா, நீங்க வரச் சொன்னீங்கன்னு சொல்றாரு. பக்கத்துச் சேர்ல உக்காரப் போனேன், உடமாட்டேன்னுட்டாருங்க."

ஹுமேரா எட்டிப் பார்த்தாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.