நாலு நிமிடத்துக்கு ஒரு கூச்சல்

ஒன்பதாவது கூச்சல் நேரம் தப்பி வந்தது.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், பொழுதுபோக்குப் பார்க்கின் மதிலுக்கு மேலே, வானத்தில் வளைந்து நிற்கும் தண்டவாளத்தில் வண்டி மெல்ல மெல்ல ஏறும். கீழே சங்கிலி கடகடவென்று பல்லைக் கடிக்கும். உச்சிக்குப் போனதும் ஒரு மூச்சு நேரம் எல்லாம் அடங்கிப்போகும். அப்புறம் முப்பது பேர் ஒரே தொண்டையாகக் கத்திக்கொண்டு கீழே விழுவார்கள். நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை. பிசகாது. முப்பத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷர். நேரம் தவறாமல் ஓடுகிற எந்த வண்டி மேலும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. மனுஷர்கள் மேல்தான் கிடையாது.

இந்தக் கூச்சல் இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. சங்கிலிச் சத்தம் இல்லாமல் வந்தது. ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், அலமாரி நிற்கிற சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

"காதும் போச்சு," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார மனசு வரவில்லை. கட்டிலில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இந்த வீட்டைப் பிடித்தது அவருடைய மகன். ஒரு மாதமாக அவனும் மருமகளும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒரே ஊரில் மூன்று பெரிய பொழுதுபோக்குப் பார்க். பார்க்கை ஒட்டின ஓட்டல் என்றால் யானை விலை. தள்ளிப்போய்த் தங்கினால் வாடகை குறையும். ஆனால் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தினம் இரண்டு பஸ் மாற வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் இது கிடைத்தது. தனி வீடு, சமைத்துக்கொள்ள அடுக்களை, மூன்று அறை, மூன்று பார்க்குக்கும் நடுவே. வாடகை பாதிக்குப் பாதி.

"ஏன்டா பாதி?" என்று பெரியவர் அப்போதே கேட்டார்.

"சத்தம்ப்பா. ரோலர் கோஸ்டர் எதிர்லயே இருக்குல்ல. ஜனங்க கத்திக்கிட்டே இருக்கும். அதான் யாரும் தங்க மாட்டேங்கறாங்க."

"சத்தத்துக்கு எவன்டா பாதி குறைப்பான்? கூரை ஒழுகும். இல்லேன்னா உள்ள எவனாவது தொங்கியிருப்பான்."

"உங்களுக்கு இந்த உலகத்துல யார் மேலதான்ப்பா சந்தேகம் இல்ல?"

"கையில டிக்கெட் வச்சிருக்கறவன் மேல."

மகன் அன்றைக்குச் சிரித்தான். சிரித்துவிட்டு, "நீங்க இல்லாம நாங்க போகப்போறதில்லப்பா," என்றான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கோடி வீட்டுக் கடைக்குக்கூட அப்பாவைக் கூப்பிடாதவன். சந்தேகத்திலேயே ஊறிப்போன மனுஷர் அந்த ஒரு பேச்சில் குளிர்ந்துபோனார். புதுச்சட்டைகூட எடுத்துக்கொண்டார்.

வந்து இறங்கிய அன்றைக்குச் சாவி கொடுக்க ஓர் அம்மாள் வந்தாள். ஒல்லி உடம்பு. காது இடுக்கில் ஒரு பென்சில். அவர்களை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, பென்சிலை எடுத்து ஒவ்வொருவர் தோளிலும் தட்டி எண்ணினாள். மகன், மருமகள், பேத்தி, பேரன். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு." பெரியவரிடம் வந்ததும் பென்சில் அந்தரத்தில் நின்றது. தட்டவில்லை.

"இவர்தானா?" என்று மகனிடம் கேட்டாள்.

"ஆமா," என்றான் மகன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"கோடி ரூம் அவருக்கு. பெட்டியை வச்சிடுங்க."

பெரியவரும் பஸ்ஸில் இப்படித்தான் எண்ணுவார். பென்சில் முனையால் தோளில் ஒரு தட்டு, ஒரு தலை. தட்டாமல் விட்டால் அந்தத் தலை இந்த நடையில் சேர்த்தி இல்லை. அடுத்த நடைக்கு நிற்கிற தலை. ஒரு தொழில்காரியின் கை இன்னொரு தொழில்காரனுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஆனால் மகன் கூட்டிக்கொண்டு வந்த சந்தோஷத்தில் அதைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

கூச்சல் நேரம் தப்பி வந்த அன்றைக்குச் சாயங்காலம் நாலு பேரும் வெயிலில் வதங்கித் திரும்பி வந்தார்கள். மூன்று நாளாக அவர்கள் மட்டும்தான் போய்வந்தார்கள். உள்ளே நடக்க நிறைய இருக்கிறது, உங்கள் முழங்காலுக்கு ஆகாது என்று மகன் சொல்லிவிட்டான். சாப்பிடும்போது பெரியவர் பேச்சை எடுத்தார்.

"சுவருக்குள்ள யாரோ கத்துறாங்கடா."

மகன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்ப்பா."

"அந்தப் பக்கம் வீடே இல்லயே. வெறும் பொட்டல். நான் சுத்திப் பாத்துட்டுதான் சொல்றேன்."

மருமகள் எழுந்து வந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "இன்னும் வேணுமா மாமா? நல்லா சாப்பிடுங்க," என்றாள். மாமா என்ற சொல்லை முள் மாதிரித் துப்புகிறவள். இன்றைக்கு அது தேன் மாதிரி ஒழுகியது. பெரியவர் அந்தக் கரண்டிச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கினார்.

"தாத்தா, ஊருக்குப் போனா எனக்குத் தனி ரூம்," என்றாள் பேத்தி. "ஜன்னல் இருக்கற ரூம்!"

அவர்கள் வீட்டில் ஜன்னல் இருக்கிற அறை ஒன்றுதான். அதில் அவர் கட்டில் கிடக்கிறது.

"அப்ப நான் எங்கடி படுக்கறது? உன் கட்டிலுக்கு அடியிலயா?"

பேத்தி கலகலவென்று சிரித்தாள். "வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்று மருமகள் அதட்டினாள். அதட்டல் பேத்திக்கு. கண் மட்டும் மகன் மேல் போய் நின்றது.

மறுநாள் எதிர் பார்க்குக்கு விடுமுறை. வண்டி ஓடாது. நாலு பேரும் தண்ணீர் விளையாட்டு இருக்கிற பார்க்குக்கு விடியற்காலையிலேயே கிளம்பினார்கள், இரண்டு பெரிய சூட்கேஸோடு.

"தண்ணியில நனையப் போறதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய பெட்டி?"

"மாத்துத் துணிப்பா." மகன் அவர் தோளைத் தொட்டான். தொட்டுப் பழக்கமில்லாத கை. சில்லென்று வைத்து, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டது. கதவு சாத்தியது.

அப்புறம் அமைதி. இந்த நாலு நாளில் இப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை. குழாய் சொட்டுவது கேட்டது. அலமாரிப் பலகை வெயிலுக்கு முறுக்கிக்கொள்வது கேட்டது. அந்த அலமாரியிலிருந்து ஒரு வாடை வந்தது. பழைய பஸ்ஸின் பின்சீட்டில் கடைசி நடையில் அடிக்கிற வாடை. தைலமும் மூத்திரமும் வியர்வையும் சேர்ந்த, வயசான உடம்புகளின் வாடை. தன் உடம்புதானோ என்று கக்கத்தை முகர்ந்து பார்த்தார். இல்லை.

ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் வெறுமனே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம்.

கூச்சல் வந்தது.

சுவருக்குள்ளிருந்து. விளையாட்டுக்குக் கத்துகிற கத்தல் இல்லை அது. தொண்டை வறண்ட கத்தல். ஒரு குரல் நடுவில் இருமியது. ஒரு குரல் யாரையோ "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், மனசு தானாகத் தலை எண்ணியது. ஏழு. எல்லாம் கிழடுகள். ஏழு பேர்.

எழுந்து அடுக்களைக்கு வந்தார். தண்ணீர் எடுக்கப் போனவர் கை, பாட்டிலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் பட்டது. ரயில் டிக்கெட்டின் நகல். போனில் இருந்தால் போதும் என்று மகன் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்பாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது, பார்த்தால்தான் என்ன என்று நினைத்திருப்பான். கதை படிக்க வராதுதான். பேப்பர் படிக்க வராதுதான். டிக்கெட் படிக்க வராதா?

போவதற்கு ஐந்து பேர். ஐந்து இருக்கை எண்.

திருப்பிப் பார்த்தார் காகிதத்தை. வருவதற்கு நாலு பேர். நாலு இருக்கை எண். தேதி இன்றைக்கு.

இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்தார். உதறினார். தரையில் குனிந்து தேடினார். இல்லை. மறுபடி எண்ணினார். நாலு.

போன் எடுத்தார். ஏழாவது மணி அடித்ததும் மகன் எடுத்தான். பின்னால் ரயில் சத்தம். தண்டவாளம் தாண்டுகிற தடதடப்பு.

"எத்தனை டிக்கெட்டுடா எடுத்தே?"

மகன் போனைக் கையால் பொத்தி யாரிடமோ ஏதோ முணுமுணுத்தான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன். எத்தனை தலை?"

"அப்பா... பாதி வாடகைன்னா அப்படித்தான்ப்பா. வயசானவங்க ஒருத்தரை விட்டுட்டுப் போகணும்னு விளம்பரத்துலயே போட்டிருந்தாங்க. அவங்க நல்லாப் பாத்துப்பாங்க. உங்க வயசுக்காரங்களும் இருக்காங்களாம்."

"எனக்கு எதுவும் வேண்டாம்டா. நான் கூடத்துல படுத்துக்கறேன். புள்ளைக்கு ரூமைக் குடுத்துடறேன். திரும்பி வாடா."

தூரத்தில் பேத்தியின் குரல் கேட்டது. "அப்பா, தாத்தா எந்தப் பெட்டியில இருக்காரு? நான் அங்க போய் உக்காரட்டா?"

போன் அணைந்தது. மறுபடி அடித்தார். மணி போகவே இல்லை.

வாசலுக்கு ஓடினார். முழங்கால் வலிக்கவே இல்லை. கதவைப் பிடித்து இழுத்தார். பூட்டியிருந்தது. உட்புறம் சாவித்துளை இல்லை. நாலு நாளாக இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். எல்லாவற்றையும் பார்க்கிறவர்.

உள்ளே கதவோரம் கழற்றிப் போட்ட அவருடைய செருப்பைக் காணோம்.

கோடி அறைக்குத் திரும்பினார். அலமாரி திறந்திருந்தது. சாத்தியிருந்த அலமாரி.

கீழ்த்தட்டில் செருப்புகள். வரிசையாக. தேய்ந்தவை, வார் அறுந்தவை, ஒரு பெண்பிள்ளைச் செருப்பு. எல்லாம் முனை சுவரைப் பார்த்து. நடந்து உள்ளே போன மாதிரி.

ஏழு ஜோடி.

எட்டாவது, அவருடையது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஜனங்கள் வேறு பார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தொப்பி. பலூன். ஐஸ்கிரீம். பத்தடி தூரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து எதிரே சங்கிலி கடகடத்தது. சோதனைக்கு ஓட்டுகிறார்கள். ஆளில்லாத வண்டி மெல்ல மெல்ல ஏறியது.

உச்சி. ஒரு மூச்சு.

பெரியவர் கத்தினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். மகன் பேரைச் சொல்லிக் கத்தினார். வண்டி விழுந்தது.

தெருவில் ஒருவர் நின்று வண்டியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அவர் தோளில் ஒரு சின்னப் பெண்.

"அப்பா, வண்டில யாருமே இல்ல. அப்புறம் யாரு கத்துறா?"

"ரெக்கார்டு போட்டிருப்பாங்கம்மா."

அந்தப் பெண் மட்டும் தலையைத் திருப்பினாள். நேரே ஜன்னலைப் பார்த்தாள். பலூனை ஆட்டினாள். அப்பா நடந்தார். தலை கூட்டத்தில் மறைந்தது.

பின்னால் அந்த வாடை கிட்டே வந்தது. ஏழு மூச்சு. ஒன்றில் இருமல்.

பெரியவர் திரும்பவில்லை. கம்பியை விடவில்லை.

தோளில், மெதுவாக, பென்சில் முனை தட்டியது.

"எட்டு."