வலி நின்ற சரிவு

வெள்ளக்கரட்டில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் மழையைப் பற்றி விசாரிப்பதில்லை. "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். "வலது விலாவுக்குக் கீழ. ஓடைப்பள்ளத்துக்கு மேலயா இருக்கும்" என்று பதில் வரும். பிறகு இருவரும் முதுகைத் தடவிக்கொண்டு தங்கள் ஆட்டுப்பட்டிகளை நோக்கி நடப்பார்கள்.

மலையின் வலியை மனிதர் முதுகில் ஏற்றி அப்போது நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

மேற்கு மலைத்தொடரின் மழை எட்டாத பக்கத்தில் இருந்தது அந்த ஊர். நாற்பது குடும்பங்கள், ஏறக்குறைய ஆறாயிரம் செம்மறிகள். நகரங்களில் இறைச்சியைத் தொட்டிகளில் வளர்த்துக்கொண்டிருந்த காலம். இருந்தாலும் காலால் நடந்து, வாயால் புல் தின்ற ஆட்டின் கறிக்கு வசதியானவர்களிடம் மவுசு குறையவில்லை. ஆடுகள் வருடா வருடம் பெருகின. கிழக்குச் சரிவு இருந்த அளவில்தான் இருந்தது.

ஜெசிந்தா கடற்கரை ஊரிலிருந்து வந்த தாவர ஆராய்ச்சியாளர். மூன்று வருடம் அந்தச் சரிவில் நடந்து, கயிறு பிடித்து, கட்டம் போட்டு அளந்தாள். முதலில் போனது கொழுக்கட்டைப்புல். ஆடுகள் அதைத்தான் தேடித் தேடிக் கடித்தன. தழைக்கும் முன்பே கடிபட்ட தூரில் வேர் சுருங்கியது. சுருங்கிய வேர் அடுத்த மழைக்கு எழவில்லை. அந்த இடத்தில் ஆடு முகர்ந்துகூடப் பார்க்காத ஆவாரையும் எருக்கும் வந்து உட்கார்ந்தன. குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் பெய்த மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. சில இடங்களில் எருக்கும் வரவில்லை.

இதையெல்லாம் அவள் படம் போட்டு ஊர்க்கூட்டத்தில் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை அதே ஆடுகள் அதே சரிவில் ஏறின.

தெரிந்தால் போதாது, வலிக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கடுகளவு கருவி ஒன்றைச் செய்தாள். வேர்ச்செவி என்று பெயர். புல்லின் வேரில் ஒட்டிக்கொண்டு, வேர்ச்சாற்றின் மெல்லிய மின்னோட்டத்திலேயே இயங்கி, அந்த வேரின் தவிப்பை அனுப்பும். அனுப்புவதைப் பிடித்து வலியாக மாற்ற, ஊராரின் பிடரித் தோலுக்கடியில் ஒரு நரம்புச்சில்லு. சரிவின் உச்சியில் வேர் தவித்தால் கழுத்தில் வலிக்கும், அடிவாரத்தில் தவித்தால் இடுப்பில். ஊர் முழுக்கச் சம்மதித்துத்தான் பொருத்திக்கொண்டது. அரசு மானியத் தீவனம் அந்தச் சம்மதத்தோடு சேர்ந்து வந்தது.

முதல் வருடம் அதிசயம் நடந்தது. வலித்த இடத்திலிருந்து ஆடுகளைத் திருப்பினார்கள். இரண்டாம் வருடம் ஊரில் தைலக்கடை வந்தது. மூன்றாம் வருடம் முதுகைப் பிடித்துவிட இயந்திரக் கட்டில்கள் வந்தன. நான்காம் வருடத்தில் வலி சமையலறைப் புகை மாதிரி ஆகிவிட்டது. இருந்தது, அவ்வளவுதான்.

பவுன்தாய்க்கு மட்டும் அது பழகவில்லை. கணவன் இறந்த பிறகு தொண்ணூறு ஆடுகளைத் தனியாக மேய்த்தவள், வயது நாற்பத்திரண்டு. அவள் அறுபது ஆடுகளைச் சந்தைக்கு அனுப்பினாள். மிச்சம் முப்பதுக்குச் சமவெளியிலிருந்து சோளத்தட்டையைச் சுமந்து வந்து போட்டாள். சரிவில் தன் பங்காக இருந்த பதினைந்து ஏக்கரில் இரண்டு மழைக்கு ஒரு குளம்பையும் விடவில்லை. வேலி கிடையாது. சொல்லிவைத்தாள், ஊரும் மதித்தது.

முதல் மழைக்குப் பிறகு அவள் முதுகில் அந்த இடம் அரித்தது, காயம் பொருக்கு விடுவதுபோல. இரண்டாம் மழைக்குப் பிறகு ஜெசிந்தாவைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

"ஈரத்துணிய விரிச்சுப் போட்டாப்ல இருக்கு தாயி! இந்தா, இந்த எடத்துல."

ஜெசிந்தாவும் சில்லு பொருத்தியிருந்தாள். அவளும் தன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்ச்சி ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே சரிவு, ஒரே வலி, ஒரே சுகம். ஊர்த்தலைவர் சடையாண்டி, பவுன்தாய்க்குச் சித்தப்பா மகன், அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஒம் புண்ணியத்துல அந்த எடம் மட்டும் இதமா இருக்கு பவுனு" என்பார்.

அடுத்த சித்திரையில் கோடை மழை பொய்த்தது. ஒரு மதியம் தட்டைக்கட்டோடு ஏறிவந்த பவுன்தாய்க்கு இடது தோளுக்குக் கீழே தீ வைத்ததுபோல் இருந்தது. கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய பதினைந்து ஏக்கரில் புல் தெரியவில்லை. ஆட்டு முதுகுகள்தான் தெரிந்தன. நடுவில் சடையாண்டி நின்றிருந்தார்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணுறீக?"

"ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன் பவுனு. நேத்து மட்டும் குட்டி போட்ட ஆடு நாலு விழுந்துருச்சு. வேற எங்கயும் ஒரு தூரு இல்ல. கண்ண மூடிக்கிட்டு, முதுகுல எங்க இதமா இருக்குன்னு பாத்தோம். இங்கதான் இருந்துச்சு."

"ஒங்களுக்கு எரியலையா?"

"எரியாம? ஒனக்கு எரியிறதுதானே எனக்கும்." அவர் கண்களில் நீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு நாளு போனா பழகிரும்."

பொழுது சாய்வதற்குள் அந்த இடம் சரிவின் மற்ற இடங்களைப் போல ஆகிவிட்டது. பவுன்தாய் அங்கேயே குப்புறப் படுத்துக் கிடந்தாள். ஜெசிந்தா வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"இந்த வலிய இன்னும் கூட்டி வைக்க முடியாதா தாயி? ஒருத்தனும் பாயை விட்டு எந்திரிக்க முடியாத அளவுக்கு?"

ஜெசிந்தா அவள் பிடரியில் கை வைத்தாள்.

"நாலு தடவ கூட்டிட்டேன்க்கா. உங்களுக்கே தெரியலையா?"

பவுன்தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் ஆடுகள் வெறும் தூரைச் சுரண்டின. பல ஆடுகள் மண்ணோடு வேரையும் பிடுங்கித் தின்றன. ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை பவுன்தாய் கண் விழித்தபோது வெயில் வாசலுக்குள் வந்திருந்தது. இவ்வளவு நேரம் அவள் தூங்கியதே இல்லை. எழுந்தாள். நிமிர்ந்தாள். முதுகில் ஒன்றும் இல்லை.

தெருவில் ஆரவாரம் கேட்டது. வருடக்கணக்காகக் குனிந்து நடந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். வயதானவர் ஒருவர் கைகளை மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். "நின்னுருச்சு! மலை குணமாயிருச்சு!" என்று சடையாண்டி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். தன் உடம்பில் பரவிய சுகத்தை நினைத்துப் பவுன்தாய்க்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது சுகமாகத்தான் இருந்தது.

அவளும் ஜெசிந்தாவும் மலையேறினார்கள். ஜெசிந்தா ஒரு இடத்தில் தோண்டி, கருத்த வேர் ஒன்றை எடுத்தாள். விரல் பட்டதும் அது பொடிந்தது. அதில் ஒட்டியிருந்த வேர்ச்செவி மண்ணில் விழுந்தது. இன்னொரு இடம், இன்னொரு இடம் என்று மதியம்வரை தோண்டினாள்.

"வேரில ஈரம் இருந்தாத்தான் இது பேசும்க்கா. வேர் போயிட்டா இதுவும் போயிடும்."

"செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையா தாயி?"

"வைக்கல." ஜெசிந்தா அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவ்வளவு வலிக்கும்போது அது வரைக்கும் யாரும் விடமாட்டாங்கன்னு நெனச்சேன்."

மாலையில் கூட்டம் போட்டு இதையே சொன்னாள். பொடிந்த வேர்களைத் தட்டில் வைத்துக் காட்டினாள். சடையாண்டி மரியாதையோடு கேட்டார்:

"வலிச்சப்ப மலைக்கு நோவுன்னீங்க மேடம், நம்புனோம். இப்ப வலிக்கல, செத்துருச்சுங்கிறீங்க. நாங்க எதைத்தான் நம்புறது? ஒடம்பு பொய் சொல்லுமா?"

மறுநாள் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். ஆடுகளை வடக்குச் சரிவுக்கு ஓட்டினார்கள். அங்கே கொஞ்சம் புல் மிச்சம் இருந்தது. வேர்ச்செவிகள் அங்கே பதிக்கப்படவில்லை. அடுத்த வாரம் ஜெசிந்தா ஊரை விட்டுப் போனாள். வழியனுப்ப வந்தவள் பவுன்தாய் மட்டும்தான்.

செய்தி மலையடிவாரம் முழுக்கப் பரவியது. சில்லு பொருத்திக்கொண்ட ஊர்கள் இன்னும் ஏழு இருந்தன. அந்த ஏழு ஊர்களிலிருந்தும் ஆட்கள் முதுகில் கை வைத்தபடி ஏறி வந்தார்கள். வலியை எப்படிப் போக்குவது என்று தெரிந்துகொள்ள. சமுதாயக்கூடத்தில் பாய் விரித்து, மோர் கொடுத்து, சடையாண்டி தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"எங்க தப்பு என்னன்னா, வலிக்கும்போதெல்லாம் ஆட்டத் திருப்புனோம். அதுல வலி இழுத்துக்கிட்டே போச்சு. கடைசியா விடாம மேய விட்டோம். ரெண்டே மாசம். தானா நின்னுருச்சு."

வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து பவுன்தாய் எழுந்தாள்.

"அப்படிச் செஞ்சிராதீக. மேல வேரே இல்ல. நான் கண்ணால பாத்தேன்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் தலையை உயர்த்தினாள். பணிவாகவே கேட்டாள்.

"அதை அப்புறம் எழுதிக்கிறேன்க்கா. இப்ப உங்களுக்கு முதுகுவலி இருக்கா, இல்லையா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பவுன்தாய் பொய் சொல்லிப் பழகாதவள்.

"இல்ல."

"எத்தனை நாளா?"

"இருவத்தி நாலு நாளா."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. புளியூத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வலியில் அவர் உதடு கோணியது.

"எங்களுக்கும் இப்படி நிக்குமா தாயி?"

பவுன்தாய் அவரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள்.

"நிக்கும்" என்றாள்.