ஆறு மணிக்குள் நூறு பாடி

டிரிங்... டிரிங்!

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் டீயோடு மறு கையால் போனை எடுத்தார்.

"டேய் மச்சான்! காலையிலேர்ந்து முப்பது பாடிதான் விழுந்திருக்கு!"

டீ மூக்கில் ஏறியது.

"ஆறு மணிக்குள்ள நூறு விழலைன்னா பார்ட்டி வேற ஆளைப் பார்த்துப்பான். நாளைக்கு நம்ம கதவுல பூட்டுதான்! ஒரு பாடிக்கு எட்டு நிமிஷமா? நாலுல முடி! தலையை அப்புறமா மாட்டிக்கலாம். கழுவித் துடைச்சுப் பெட்டியில போடு!"

"யா... யார் பேசறது?"

"ஐயோ, ராங் நம்பரா? மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்கும் ஏதாவது பாடி தேவைன்னா சொல்லுங்க... கம்மியா போட்டுத் தர்றேன்."

டொக்!

இத்தனை வருட சர்வீஸில் இன்ஸ்பெக்டர் பிடித்ததெல்லாம் சைக்கிள் திருடர்கள். இதோ... ஒரே போனில் முப்பது பிணம்!

"ஏட்டு! ஜீப்பை எடுய்யா!"

நம்பரை வைத்து இடத்தைப் பிடித்தார்கள். தகரக் கூரை. எண்ணெய் வாடை. தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல்.

துப்பாக்கியோடு பாய்ந்தார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் அசையக் கூடாது!"

ஏற்கெனவே யாரும் அசையவில்லை. இரும்பு கடையும் ஐந்து லேத்துகளும் நின்றிருந்தன. ஓட்ட வேண்டிய ஐந்து பேரும் முதலாளி அறை வாசலில் கூடியிருந்தார்கள்.

"பாடி எங்கே?"

"முடிஞ்சதா சார், முடியாததா?" என்றான் சூப்பர்வைசர். முதலாளியின் மச்சான். அந்த போன் போக வேண்டியது இவனுக்குத்தான்.

"மு... முடியாதது வேற இருக்கா?"

"துளை போட்டாச்சு. இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்."

இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் கனமாக ஓர் இரும்புத் துண்டை வைத்தான்.

"வால்வு பாடி சார். தண்ணிக் குழாய்ல மாட்டறது. திருகற தலை தனியா வரும்."

இன்ஸ்பெக்டரின் கனவில் குத்தியிருந்த மெடல் கழன்று விழுந்தது.

"கிளம்பலாமா சார்?" என்றார் ஏட்டு.

"எங்கய்யா கிளம்பறது? நூறு இருக்க வேண்டிய இடத்துல முப்பது! மீதி எழுபது பாடி எங்கே? இது கேஸ் இல்லையா?"

விசாரணை ஆரம்பமானது.

"லேத்தை விட்டுட்டு எங்கடா போனே?"

"மைக்ரோமீட்டர் வாங்க, முதலாளி ரூமுக்கு."

"நீ?"

"அவன் வாங்கினா அடுத்து நான் வாங்க."

"நீ?"

"இவங்க அடிச்சுக்காம பார்த்துக்க."

"நீ?"

"அடிச்சுக்கிட்டா வேடிக்கை பார்க்க."

ஐந்தாமவன் கண் கலங்கினான். "தனியா இருக்க பயமா இருந்துச்சு சார்..."

"அது என்ன மைக்ரோமீட்டர்?"

"மயிரிழை வித்தியாசத்தையும் காட்டற அளவுக் கருவி சார்," என்றான் சூப்பர்வைசர். "அளக்காம அடுத்த பாடியைத் தொட முடியாது. மொத்தப் பட்டறைக்கும் ஒண்ணுதான். அதுவும் மாமாவோட பீரோவுல!"

"விலை ஜாஸ்தி சார்!" என்று அலறினார் முதலாளி. "வெளிய வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்!"

"குற்றவாளி கிடைச்சாச்சு!"

க்ளிக்!

கைவிலங்கின் ஒரு வளையம் முதலாளியின் மணிக்கட்டில். மறு வளையம் மைக்ரோமீட்டரின் வளைந்த இடுப்பில்.

"இனிமே எவனும் திருட முடியாது. எந்த லேத்துல கூப்பிட்டாலும் ஓடு!"

லேத்துகள் உறுமின.

"முதலாளி! இங்க வாங்க!"

"சீக்கிரம் முதலாளி! ஊர்வலமா போறீங்க?"

"எங்கக்காகூட உங்களை இப்படி ஓட விட்டதில்லை மாமா!"

நூறாவது பாடி பெட்டிக்குள் விழுந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆர்டர் கொடுத்த பார்ட்டியே ஓட்டி வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வாயெல்லாம் பல்லாக ஓடினார். "வாங்க சார்! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். வேன் கதவைத் திறங்க... பாடி விஷயம்..."

பார்ட்டியின் முகம் சுண்ணாம்பானது.

"எ... எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? பார்ட்னரை வேணும்னு தள்ளலை சார்! உள்ள... சாக்குக்கு அடியில..."

ஐந்து லேத்துகளும் மறுபடி நின்றன.

இன்ஸ்பெக்டர்தான் முதலில் சுதாரித்தார். முதலாளியின் கையிலிருந்த விலங்கு பார்ட்டியின் கைக்குத் தாவியது.

"சார்! ஒரு நிமிஷம்!" முதலாளி டெலிவரி சீட்டை நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து... என் பொழப்பே இதுலதான் இருக்கு!"

மைக்ரோமீட்டர் ஊசலாடும் கையால் பார்ட்டி கையெழுத்துப் போட்டார்.

"மொத்தம் எத்தனை பாடின்னு எழுதட்டும் மாமா?" என்றான் மச்சான்.

வேனுக்குள்ளிருந்து ஏட்டு எட்டிப் பார்த்தார்.

"நூத்தி ஒண்ணுன்னு எழுதுப்பா... இதுக்கு மட்டும் தலையை மாட்டியே அனுப்பியிருக்காங்க!"