கண்ணை மூடிக்கோங்க

"நில்லுங்க! இன்னொரு அடி எடுத்து வைக்காதீங்க!"

மழைக்கு ஒதுங்கிக் கிடங்கு வாசலில் நின்றவள் போட்ட சத்தத்தில், லாரியிலிருந்து மூட்டையோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னங்க... ஒதுங்க இடம் குடுத்தா மேஸ்திரி வேலையும் பாப்பீங்களா?"

"உங்க கால்ல ஆணி ஏறியிருக்கு."

"யார் கால்ல?"

"என் காலா இருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பேன்!"

மூட்டையை இறக்கிவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தான். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி உள்ளே போயிருந்தது. லாரியிலிருந்து சுவர் வரைக்கும் அவன் நடந்த வழியெல்லாம் சிவப்புத் தடம். அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அட, ஆமா!"

அவள் தடுப்பதற்குள் ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தான். மழைச்சாரல் வழிகிற முகம்... சிமென்ட் தூசி ஒட்டிய இமைகளுக்குள் குறும்புக் கண்கள்... அந்தக் கண்களில் வலி இல்லை. துளிகூட இல்லை. அதுதான் அவளுக்குப் பகீரென்றது.

"வலிக்கலையா?"

"மூட்டை தூக்கித் தூக்கி மரத்துப்போச்சுங்க."

மூட்டையால் மரத்த காலா இது? இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். இப்படிப்பட்ட கால்களைத் தினமும் பார்க்கிறவள்.

"தாகம் ஜாஸ்தியா இருக்கா? ராத்திரியில அடிக்கடி எழுந்திருக்கிறீங்களா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி விசாரிக்கிறீங்களே..."

அவள் காது மடல் சூடானது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கிளம்புங்க. இப்பவே!" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆணிக்காயத்துக்கு ஊசி போட்டுக் கட்டும் கட்டியாயிற்று. ரத்தத்தைச் சோதித்ததும் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை. அதுவும் இன்று நேற்று வந்ததல்ல. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மிச்சமெல்லாம் அவள் பொறுப்பு.

"எப்போ போகும் சிஸ்டர்?" என்றான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"போகாது." அவள் பூசி மெழுகவில்லை. "முரட்டுக் குடித்தனக்காரன்னு வச்சுக்கோங்க. கண்டிப்பா இருந்தா ஒரு மூலையில கிடப்பான். விட்டா வீட்டையே இடிச்சுடுவான்."

"வாடகையாவது குடுப்பானா?"

"உங்ககிட்டதான் வாங்குவான்."

சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு திரும்பி வந்ததில் அவளுக்கு ஏனோ ஒரு நிம்மதி...

முதல் லோடு எப்போது வரும், எப்போது சாப்பிடுவான், எவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு மூட்டை தூக்குவான்... எல்லாம் கேட்டு, அவன் வேலைக்குத் தகுந்த மாதிரி மாத்திரை நேரத்தை டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்கினாள். செருப்புக்குப் பதில் கெட்டியான ஷூ. போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் கைக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

"மூஞ்சியவே நான் கண்ணாடியில பாக்கறதில்ல சிஸ்டர்."

"மூஞ்சிக்கு ஒண்ணுமில்ல. அது நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாதம் ஒரு முறை பாதச் சோதனை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் பாதத்தைத் தன் மடியில் துணி விரித்து வைத்துக்கொள்வாள். எங்கே உணர்ச்சி இருக்கிறது என்று பார்க்க, கைப்பிடியில் பொருத்திய நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள்.

"கண்ணை மூடிக்கோங்க. தொட்டதும் சொல்லுங்க... இங்க?"

"தெரியுது."

"இங்க?"

"நல்லாத் தெரியுது!"

நூல் அவன் பாதத்தில் படவே இல்லை. அவள் கையில் சும்மா இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே நெஞ்சு கனத்தது.

"நான் இன்னும் தொடவே இல்லயே... யாரை ஏமாத்துறீங்க?"

கண் திறந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். லாரி லாரியாக மூட்டை இறக்கி வைக்கிறவன்... இவள் முன்னால் மட்டும் எப்படிச் சொல்வது, பாதிக் கால் செத்துப்போச்சு என்று? ஷூவை மாட்டிக்கொண்டு போனவன் அடுத்த மாதம் வரவில்லை.

வராதவர்களுக்குப் போன் போடுவது அவள் வேலை. போட்டாள். "லோடு ஜாஸ்தி சிஸ்டர்" என்றான். மறுபடி போட்டாள். எடுக்கவே இல்லை.

"ஏம்மா, ஊர்ல இருக்கிற கால்ல அந்தக் காலுக்கு மட்டும் எத்தனை போன்?" என்றார் பெரிய சிஸ்டர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி.

"புண்ணு வந்தா காலே போயிடும் சிஸ்டர்..."

"காலுக்குத்தான் இந்தக் கவலைன்னா சரி."

அவள் மறுபடியும் போனைக் கையில் எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் அவனுடைய அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள்.

"இவரைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க சிஸ்டர். மாத்திரை கரெக்டா போடுறாரு. ஷூவைத் தட்டுற தட்டுல எங்க தூக்கம் போச்சு. என் கைக்கண்ணாடி இப்போ இவர் காலுக்குத்தான்! ஆனா இங்க வரச் சொன்னா மட்டும் ஆயிரம் சாக்கு. என்னன்னு பாத்தா... இந்த வெடிச்ச காலை உங்க மடியில வைக்க வெக்கமாம்!"

"அண்ணி!"

"கத்தாதீங்க தம்பி. ஆஸ்பத்திரி இது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணியைக் கூடத்துக்கு அழைத்துப் போனார் பெரிய சிஸ்டர்.

அவன் பாதம் மெதுவாக அவள் மடிக்கு வந்தது. சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் கிடையாது. ஆணித் தழும்புகூட ஆறி வெளுத்திருந்தது. ஒவ்வொரு நாளும் தன் பேச்சைக் கேட்டிருக்கிறான்... அவள் கண் கலங்கியது.

"கண்ணை மூடிக்கோங்க. இங்க?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"தெரியல."

"இங்க?"

"அங்கயும்... தெரியல சிஸ்டர்."

"இங்க?"

"இது தெரியுது."

முதல் தடவையாக எல்லாம் உண்மை. முன்னைவிட மோசமாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"இன்னொரு உண்மையும் இருக்கு. கண்ணைத் திறந்தா வராது. மூடிக்கிட்டே சொல்லிடுறேன்... உங்களைப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன். அதனாலதான் வராமலும் இருந்தேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. உங்க முன்னாடி முழு ஆளா நிக்கணும்னு ஆசை... என்கிட்ட இருக்கறதோ இந்தக் கால்தான்."

அவள் நூலை மேசையில் வைத்தாள். அவன் பாதத்தை மெல்லக் கீழே இறக்கினாள். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

"அடுத்த மாசத்துல இருந்து பெரிய சிஸ்டர் உங்களைப் பாப்பாங்க."

அவன் முகம் நனைந்த சிமென்ட்டாக இறுகியது. "சரிங்க... தப்பா எடுத்துக்காதீங்க" என்று கண்ணைத் திறந்து ஷூவைக் கையால் துழாவினான்.

"கண்ணைத் திறக்கச் சொன்னேனா?"

துழாவிய கை நின்றது; கண் மறுபடி மூடிக்கொண்டது.

"என்கிட்ட வைத்தியம் பாக்குறவருக்கு இதுக்கெல்லாம் நான் பதில் சொல்லக் கூடாது. அது முறை இல்ல. அதான் உங்களைக் கைமாத்தி விடுறேன்... மண்டு! முழு ஆளு எவன்னு நான் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? உண்மையைச் சொல்லிட்டு நிக்கிறவன்தான்."

காப்புக் காய்த்துக் கிடந்த அவன் உள்ளங்கையில் ஒரு விரல் வந்து உட்கார்ந்தது. நூல் மாதிரி அவ்வளவு லேசாக...

"இங்க?"

அவன் விரல்கள் மெல்ல மூடப் பார்த்தன.

"பொய் சொல்லக் கூடாது" என்றாள். அவள் குரல்தான் நடுங்கியது.

"தெரியுது... இது நல்லாத் தெரியுது."

கூடத்திலிருந்து அண்ணியின் குரல் மழையையும் மீறிக் கேட்டது.

"என்ன தம்பி, கால் எப்படி இருக்காம்?"

அவன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினான். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து இன்னொரு தடவையும் தட்டினான்.

"கால் அப்படியேதான் இருக்கு அண்ணி... மத்ததெல்லாம் சரியாயிடுச்சு!"