பாதிச் சூடு

கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. விசில் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெளியே விடாத மழை, சமையலறை ஜன்னல் முழுக்க ஈரம் பூத்திருந்தது. அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்புக்கும் சத்தமில்லை.

அவளுக்குத் தொழிலே காது. கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்தி, அளவு பார்த்து, திருகித் திருகிச் சரிசெய்து அனுப்புகிறவள். அதனால் முதலில் தன் காதையே சந்தேகப்பட்டாள். விரலைச் சொடுக்கினாள், கேட்டது. மழை கேட்டது. கூடத்தில் மகள் ஏதோ பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவதும் கேட்டது. கரண்டியை எடுத்துக் கெட்டிலில் ஓங்கித் தட்டினாள். அதிர்வு கையில் ஏறியது, காதில் ஒன்றும் விழவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று விளையாட்டில் கெட்டிலின் ஓசையை எடுத்தது அவள்தான்.

"எனக்குக் கழண்டு போச்சு," என்று சொல்லி அடுப்பை அணைத்தாள். சிரித்தும் பார்த்தாள். சிரிப்பு அவ்வளவாகச் சரியாக வரவில்லை.

அந்த வீடியோ விளையாட்டை வாங்கி வந்தவர் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பூதங்களும் மந்திரவாதிகளும் உள்ள பெரிய உலகம் அது. ஊரார் எல்லாம் அதில் கோட்டை கட்டினார்கள். இவர்கள் மூவரும் தங்கள் வீட்டையே கட்டினார்கள். அதே கூடம், அதே மாடிப்படி, அதே சுவர்க்கடிகாரம், துணி காயப்போடக் கொடிகூட. அப்பா, அம்மா, இரட்டைச் சடை போட்ட மகள் என்று மூன்று பொம்மைகள். பின்னறையில் உருக்குமேடை. விளையாட்டின் மந்திரம் முழுக்க அந்த மேடையில்தான். ஒவ்வொரு பொருளுக்கும் மணம், ஓசை, நிழல், சூடு என்று நான்கு குணம் உண்டு. மேடையில் பொருளை வைத்து அதிலிருந்து ஒன்றை உருவி, இன்னொன்றுக்குள் ஏற்ற வேண்டும். உருவிய பொருள் சக்கையாகக் கிடக்கும். கேட்பதற்கு எளிது, கைவைத்தால் பெரும்பாலும் சாம்பல்தான் மிஞ்சும். "நீ பொருளைப் பொறுக்கிட்டு வா காதம்மா, மேடையை நான் பாத்துக்கறேன்," என்பார் அவர். காதம்மா என்பது அவர் வைத்த பெயர்.

ஒரு நாள் வேலைக்குப் போனவர் லிஃப்ட் குழிக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சில மாதம் கழித்து அவள் அந்த விளையாட்டைத் திறந்தாள். நெடுநாள் ஆள் வராத பொம்மையின் குணங்களை விளையாட்டே கழுவி விட்டுவிடும். அவருடைய பொம்மை நாற்காலியில் வெறும் கூடாக உட்கார்ந்திருந்தது. முகம் இருந்தது, வேறொன்றும் இல்லை. அதை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. அழுகையை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே.

மேடை லேசில் மசியவில்லை. சந்தையில் கிடைத்த வெள்ளி மணியின் ஓசை, மலைப்பூவின் மணம், டிராகன் மூச்சின் சூடு என்று விலை உயர்ந்ததாகத் தேடித் தேடி ஏற்றினாள். எல்லாம் சாம்பல். பிறகு ஒரு நாள் வேலையிடத்தில், புதிதாக மெஷின் மாட்டிய பெரியவர் ஒருவர் தெருச் சத்தம் எதையும் பிரித்தறியாமல் தன் மனைவியின் இருமலை மட்டும் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்குப் பொறி தட்டியது. உயர்ந்த பொருள் வேண்டாம், பழகிய பொருள்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் விளையாட்டு வீட்டிலிருந்த அவருடைய சோப்பையும், அவர் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டையும் மேடையில் வைத்தாள். மணம் முதல் முயற்சியிலேயே ஏறியது. மணம் ஏறிய கூட்டுக்குத்தான் ஓசை பிடிக்கும் என்பதும் அதன்பின் தெரிந்தது. வரிசை பிடிபட்டுவிட்டது. மணம், ஓசை, நிழல், கடைசியில் சூடு.

இப்போது கெட்டிலைப் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினாள். அலமாரியைத் திறந்து அவருடைய கோட்டில் முகம் புதைத்தாள். கிரீஸும் வியர்வையுமான அந்த வாசனை ஒரு வாரமாகவே இல்லை. நாளாகிவிட்டது, போய்விட்டது என்று நினைத்து அதற்கும் ஒரு மூச்சு அழுதிருந்தாள். குளியலறைக்குப் போய் அவருடைய சோப்பை எடுத்து முகர்ந்தாள். கல்லை முகர்ந்ததுபோல் இருந்தது.

"அம்மா!" கீழிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா வாசனை வருதும்மா. இங்க, படிக்கட்டுகிட்ட."

வந்தது. கிரீஸ், வியர்வை, சோப்பு. ஆளில்லாத மாடிப்படியின் மூன்றாவது படியில், நெஞ்சுயரத்தில், அவர் நின்றால் எங்கே வருமோ அங்கே. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது, அதற்கு வெட்கமே இல்லை.

"குட்டி, நீ போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கோ."

"நீ வரமாட்டியா?"

"அம்மாக்குக் கொஞ்சம் வேலை இருக்குடா."

"எப்பப் பாத்தாலும் விளையாட்டு," என்று மகள் அம்மாவைப் போலவே அலுத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் கிடந்த அம்மாவின் சாம்பல் நிறச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேலே போனாள். அப்பா போனதிலிருந்து அப்படித்தான். சால்வையைச் சுற்றிக்கொண்டு பெரிய கட்டிலில் அம்மா படுக்கும் இடத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. தினம் கொஞ்ச நேரம் அவளும் கன்ட்ரோலரை வாங்கிப் பொம்மைகளுக்கு உடை மாற்றி விளையாடுவாள்.

மகள் மேலே போனதும் அவள் டிவி முன் உட்கார்ந்தாள். கடிகாரத்தின் ஓசையை எடுத்தாள். கூடத்துச் சுவரில் நொடிமுள் நகர்ந்துகொண்டே ஊமையானது. அலமாரிக் கதவின் கிறீச்சை எடுத்தாள், படிகளின் தடதடப்பை எடுத்தாள். ஒவ்வொன்றாக வீடு வாயை மூடிக்கொள்ள, தலைக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம் மெல்லப் பிறந்தது. வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கும் நடை. ஆயிரம் நடையில் அவள் கண்டுபிடிப்பாள் அதை.

நிழலுக்கு, கோட்டு மாட்டும் கட்டையை வைத்தாள். மேடை அதை உருவியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்கடியில் கட்டை மொட்டையாக நின்றது. அதன் பின்னால் சுவர் சுத்தமாக, வெளுப்பாக இருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு நிழல் இருந்தது. தோள் அகலமான நிழல். அதற்கு முன்னால் யாரும் இல்லை.

"என்னங்க," என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவோ நாளாகிவிட்டது.

நிழல் கைகளைத் தேய்த்துக்கொண்டது. குளிரில் தேய்ப்பதுபோல்.

சூடுதான் பாக்கி. விளையாட்டு வீட்டின் அடுப்பை வைத்தாள், ஏறவில்லை. விளக்கை வைத்தாள், ஏறவில்லை. மேடையின் விளிம்பில் ஒரு வரி மின்னியது: மூச்சுள்ளதன் சூடே மூச்சாகும். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் எதை எடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் யோசித்தாள். மேடையில் அளவுக்கோடு ஒன்று உண்டு. முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. தன் சூட்டில் பாதியைக் கொடுக்கலாம். மீதியை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்த்துவிட முடியாதா? கம்பளி போட்டுக்கொண்டால் போகிறது.

திரையில் படுக்கையறையைத் திறந்தாள். மேலிருந்து பார்க்கும் கோணம். பெரிய கட்டில், அவள் படுக்கும் இடம், சாம்பல் நிறச் சால்வைக்குள் சுருண்ட பொம்மை. அவளுடைய பொம்மை. அதை எடுத்து மேடையில் கிடத்தினாள். அளவுக்கோட்டை நகர்த்தினாள். நகர நகர அது டிக், டிக் என்று சத்தமிட்டது. பாதியில் நிறுத்தினாள்.

"எடுத்துக்கோங்க," என்று பொத்தானை அழுத்தினாள்.

நாற்காலியில் இருந்த கூடு நிமிர்ந்தது. மார்பு ஏறி இறங்கியது. அவள் சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, குளிருக்காகக் காத்திருந்தாள்.

குளிர் வரவில்லை.

கன்னத்தைத் தொட்டாள். சூடு. கழுத்தைத் தொட்டாள். சூடு. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தாள். எப்போதும்போல் சூடு.

திரையைப் பார்த்தாள். மேடையில் கிடந்த பொம்மையின் தலையிலிருந்து சால்வை சரிந்திருந்தது.

இரட்டைச் சடை.

தினம் கொஞ்ச நேரம் உடை மாற்றி விளையாடுகிறவள். அம்மாவின் சால்வையைத் தன் பொம்மைக்குப் போர்த்தி, அம்மாவின் இடத்தில் படுக்க வைத்திருக்கிறாள். இங்கே செய்வதையே அங்கேயும்.

எழுந்தாள். கன்ட்ரோலர் சோபாவில் விழுந்தது. ஓடினாள். படிகள் சத்தம் போடவில்லை. தன் காலடி தனக்கே கேட்காமல் ஓடினாள். கதவு. இருட்டு. கட்டில்.

"குட்டி."

கட்டிலருகே குனிந்தாள்.

"குட்டிம்மா, அம்மாடா."

கைவைத்தாள். சால்வை. நெற்றி. மழையில் நனைந்த சுவரின் சில்லிப்பு. மூச்சு இருந்தது. மெல்ல, வெகு மெல்ல. அள்ளித் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பிள்ளையின் கைகள் எதையோ கட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம், அவருடைய தலையணையில், போர்வை ஓர் ஆள் நீளத்துக்கு மேடிட்டிருந்தது. அங்கிருந்து இதமாகச் சூடு வந்தது.

மகள் கண்ணைத் திறந்தாள். உதடு நீலம்.

"அப்பா வந்துட்டாரும்மா."

"கையை எடு. எடுடா கண்ணு. அம்மாகிட்ட வா."

"அவருக்கு இன்னும் குளிருதாம்மா. பாதிதான் இருக்காம்."

அவள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்தவை மீண்டும் மூடிக்கொண்டன.

"என்னங்க, வேண்டாம். நம்ம பிள்ளை அவ. என்னோடதை எடுத்துக்கோங்க. முழுசா எடுத்துக்கோங்க. நான்தானே கூப்பிட்டேன்."

போர்வை இறங்கியது. அவர் முகம்தான். அதே முகம், அதே நெற்றித் தழும்பு. அவளைப் பார்த்து, வேலை முடிந்து வந்த அலுப்போடு, அன்பாகச் சிரித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அலமாரிக் கதவின் கிறீச் வந்தது. பிறகு கடிகாரம். பிறகு மெல்லியதாகத் தொடங்கி, ஏறி, ஏறி, நிற்காமல், கெட்டிலின் விசில்.

அந்த விசிலுக்கு அடியில், கீழே யாருமில்லாத கூடத்திலிருந்து, அவளுடைய பழகிய காதுக்கு அது தெளிவாகக் கேட்டது. அளவுக்கோடு பாதியைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

டிக். டிக். டிக்.