பெயர் இல்லாத இரண்டு தட்டுகள்

தீப்திக்கு எதையாவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னல், கண்ணாடி, அப்பாவின் மொபைல் என எதையும் விடமாட்டாள். அந்தப் பழக்கம்தான் அந்தச் சனிக்கிழமை அவளை மாட்டிவிட்டது.

அன்று அம்மா ப்ரியம்வதா அவளைப் புனேயில் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். கரும்பு வேரைத் தின்னும் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவை அங்கே வளர்க்கிறார்கள். மனிதரை அது ஒன்றும் செய்யாது. அம்மாவின் மாணவர் கேஷவ், சில பாக்டீரியாவில் ஒரு மரபணுவை மட்டும் சுவிட்சை அணைப்பதுபோல அணைத்திருந்தார். அணைத்தால் அதற்கு நீந்த வராது, புழுவைக் கொல்லும் வலுவும் குறைந்துவிடும் என்று தீப்தியிடம் ஆசையாகச் சொன்னார்.

அணைத்ததை மூடி போட்ட ஒரு சிறு வளர்ப்புத் தட்டிலும் அணைக்காததை இன்னொரு தட்டிலும், இளகிய ஜெல்லி நடுவே ஒவ்வொரு சொட்டு வைத்தார். மூடிமேல் பெயர் எழுதிவிட்டு வடாபாவ் வாங்கப் போனார்.

மூடிகளில் ஆவி படிந்திருந்தது. தீப்தி கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். ஆவி உள்பக்கம் இருந்ததால் போகவில்லை. வெளியே இருந்த பெயர்தான் போனது.

திரும்பி வந்த கேஷவுக்கு வடாபாவ் இறங்கவில்லை. சுவரில் அம்மாவின் கையெழுத்தில், 'பெயர் இல்லாத தட்டு குப்பைக்கு' என்று ஒட்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து வளர்க்க ஒரு வாரம் ஆகும். அவருக்கோ திங்கட்கிழமை அக்கா கல்யாணத்துக்கு ரயில்.

"நானே அழிச்சுட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்றார் கேஷவ்.

தீப்தி அதற்கு விடவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் தானே உண்மையைச் சொன்னாள். அம்மா வந்து சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள்.

"அம்மா, ஒண்ணு நீந்தும், இன்னொண்ணு நீந்தாதுன்னு அண்ணா சொன்னாரே. நாளைக்கு வரைக்கும் விட்டுப் பாத்தா, எது எதுன்னு அதுவே காட்டிடாதா?"

அம்மாவும் கேஷவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை படித்தவர்களுக்குப் பதற்றத்தில் இது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு தட்டில் பாக்டீரியா தோசைபோல ஓரம்வரை பரவியிருந்தது. இன்னொன்றில் வைத்த இடத்திலேயே பொட்டுபோல நின்றது. கேஷவ் இரண்டின் அடியிலும் பெயர் எழுதினார். இனி மூடியில் எழுதவே மாட்டாராம்.

ஊருக்குக் கிளம்புமுன் அவர் தீப்திக்கு ஒரு புதுக் கைக்குட்டை தந்தார். அம்மா அதை வாங்கி, அழியாத மையில் மூலையில் 'தீப்தி' என்று எழுதினாள்.

"எதுக்கும்மா?"

"பேர் இல்லாதது இங்கே குப்பைக்குப் போயிடும்டி" என்று சொல்லி, மகளின் மூக்கை அந்தக் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டாள் அம்மா.